முட்டி என்று எழுதியிருந்த சீட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அம்மாளுக்கு ‘அசையாதக்கா’ என்று பெயர். நாளைக்கு நூறு தடவையாவது "அசையாதே" என்பவர். முதலில் இருட்டறையில் பிலிம் கழுவ வந்தவர். கழுவிய பிலிம்களைப் பார்த்துப் பார்த்தே எலும்புகளைப் படித்து, பரீட்சையும் எழுதி, இயந்திரத்தின் பக்கம் வந்தார். வீட்டில் குடும்பப் படம் எடுத்தாலும் எல்லோர் தோளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். "நாங்க மனுஷங்கம்மா, எலும்புக்கூடு இல்ல" என்பாள் மகள்.

குழந்தையைப் பலகையில் கிடத்தினால், பத்து எண்ணும்வரை யாரையும் தொட விடமாட்டார். அது தானாக எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார். பழைய தப்பு ஒன்றில் வந்த வழக்கம் இது. பல வருஷங்களுக்கு முன் காலை மடக்கிக்கொண்டு அழுத ஒரு குழந்தையை, படம் நேராக வர வேண்டுமென்று அழுத்திப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. எலும்பில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்பு மூட்டுக்குள் சீழ் இருந்தது எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அது குருத்தெலும்பை அரித்துவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் விந்தி விந்தித்தான் நடக்கிறது.

போன மாதம் ஒரு முற்பகல். மூன்று வயதுப் பெண் குழந்தையை அப்பா தோளில் தூக்கி வந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல். சீட்டில் ‘இடது முட்டி’ என்று எழுதியிருந்தது.

"எங்கடா கண்ணு வலிக்குது?"

"முட்டி."

"கட்டில்லேர்ந்து குதிச்சிருப்பா, சரியான வாலு. நடன்னா நடக்க மாட்டேங்குறா" என்றார் அப்பா. "கால அமுக்கிப் பிடிக்கட்டுங்களா?"

"மொதல்ல கைய எடுங்க சார்."

அசையாதக்கா மனதுக்குள் பத்து எண்ணினார். வலது கால் சும்மா இருக்கவில்லை. இடது கால் மட்டும் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து, யாருடைய காலோ என்பதுபோல் கிடந்தது. முழங்காலைச் சுற்றி மெல்ல அழுத்தினார். குழந்தை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, ஓர் இழை அளவு திருப்பினார். குழந்தை போட்ட அலறலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அவர் படம் எடுக்கவில்லை. சீட்டோடு, அதை எழுதிய இளம் டாக்டரின் அறைக்குப் போனார்.

"டாக்டர், இது முட்டி இல்ல. இடுப்பு."

"அவளே முட்டின்னுதானே காட்டுனா?"

"வலி முட்டியில நின்னு கத்துது. வீடு மேல இருக்கு."

"சரி, இடுப்ப ஒரு படம் எடுத்துடுங்க."

"இன்னைக்குப் படத்துல ஒண்ணும் தெரியாம போகலாம் டாக்டர். என் மிஷின நானே நம்பல. ஸ்கேன் பாருங்க."

டாக்டர் நோயாளிகள் வரிசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

ஸ்கேனில் இடுப்பு மூட்டுக்குள் பிறைபோல ஒரு கறுப்பு. நீர் கோத்திருந்தது. ரத்தப் பரிசோதனையும் கிருமித் தொற்றைத்தான் காட்டியது. மயக்கம் கொடுத்து ஊசியால் இழுத்தபோது கலங்கிய மஞ்சள் நீர் வந்தது. அன்று பிற்பகலே மூட்டைத் திறந்து கழுவினார்கள். எந்தக் கிருமி என்று பார்க்க நீர் ஆய்வுக்கூடம் போனது. நரம்பு வழியாக மருந்து ஏறியது.

"அந்தத் தண்ணி ஒரு ஸ்பூன்கூட இல்லையாமே!" என்றார் அப்பா, நம்ப முடியாமல்.

"அது போதுங்க" என்றார் அறுவை மருத்துவர். "நாலு நாள் விட்டிருந்தா மூட்டே போயிருக்கும்."

ஐந்தாம் நாள் காலை அசையாதக்கா வார்டுக்குப் போனார். காய்ச்சல் இறங்கியிருந்தது. குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளியது, இரண்டு காலாலும். அம்மா போர்த்தினாள். மறுபடியும் உதைத்தது.

இருபது வருஷமாக எலும்புகளை அசையாத நிலையில் மட்டுமே பார்த்தவர் அவர். இப்போது இடுப்பில், தோலுக்கடியில், நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று தன் கிண்ணத்துக்குள் வழுக்கித் திரும்புவது அவருக்குத் தெரிந்தது. எண்ணெய் விட்டது யார், இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நேர்த்தியை வைத்தது யார்?

"அக்கா, இந்தப் போர்வைய ஒரு ஓரம் பிடிங்களேன்" என்றாள் அம்மா.

அவர் காதில் அது விழவில்லை.