ரெகுலர்தான்

என்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்கள் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேனா என்பது ஒன்று. அதை எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். இன்னொன்றை மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். "பொண்ணுக்கு மாசா மாசம் சரியா வருதா?" அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதெல்லாம் ரெகுலர்தான்" என்றாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. எனக்கு நாற்பது நாளைக்கு ஒருமுறை வரும். வயதுக்கு வந்த புதிதில் அவள் பயந்துபோய், எங்கள் ஊர் இராஜபாளையத்திலேயே ஒரு டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனாள். அந்த அம்மா, "நாற்பது நாளானாலும் ஒரே சீரா வருதில்ல? இவளுக்கு அதுதான் ரெகுலர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாற்பதை அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, ரெகுலரை மட்டும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு யார் கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதான்.

நான் வாழ்க்கைப்பட்டது கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிற வீடு. விடிந்தால் கூடை கூடையாகப் பூ வந்து இறங்கும். மாதவிலக்கான பெண் அந்தக் கூடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. பின்கட்டில் ஒரு சின்ன அறை. தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. மூன்று நாளும் அங்கேதான். எனக்கு ஆபீஸ் இருந்ததால் பின்வாசல் வழியாக வெளியே போய் டவுன் பஸ் பிடித்து இராஜபாளையம் வந்துவிடுவேன். பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் பில் போடுகிற வேலை. ஊரெல்லாம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் துணி அனுப்புகிற இடத்தில் எனக்குத் தீட்டு கிடையாது. பஸ்ஸிலும் கிடையாது. திரும்பி வந்து பின்வாசலில் செருப்பைக் கழற்றினால் வந்துவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் பெண்களின் தேதி எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆடிப்பூரம் நெருங்கினால் யார் பூ கட்டலாம், யார் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று அத்தை ஒரு மாதம் முன்னாலேயே கணக்குப் போட்டுவிடுவார். என் கொழுந்தனின் மனைவிக்கு நாளைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அதில் அத்தைக்கு அவ்வளவு பெருமை. பூ கொண்டுவருகிறவரிடம்கூடச் சொல்வார். "எங்க மூத்தவ நாப்பது நாளைக்கு ஒருக்காத்தான் ஒதுங்குவா. நமக்கு எம்புட்டு சௌகரியம்!" நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கூச்சமாக இருக்கும். மாமியார் புகழ்கிற ஒரே விஷயம் அதுதான் என்பதால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து நாள் தள்ளிப்போனது. பத்து நாள் பார்த்துவிட்டு அத்தையே என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் முகம் அன்றைக்குப் பூத்துக் கிடந்தது. டாக்டர் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். நான் தேதியைச் சொன்னேன்.

"பீரியட்ஸ் எல்லாம் ரெகுலரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார். "ரெகுலர்தான் டாக்டர். பிசகவே பிசகாது."

டாக்டர் மேசை மேல் இருந்த வட்டமான அட்டையை எடுத்தார். ஒரு வட்டத்துக்கு மேல் இன்னொரு சின்ன வட்டம் வைத்தது. அதைத் திருப்பி என் தேதிக்கு நேராக நிறுத்தினார். "ஏழு வாரம் முடிஞ்சிருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாள் தள்ளிப் பத்து நாள்தான் டாக்டர் ஆச்சு" என்றேன். அவர் சிரித்தார். "கடைசியா வந்த முதல் நாள்ல இருந்துதாம்மா கணக்கு." அதோடு ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்கேனில் கருவைச் சுற்றி உண்டாகிற பை மட்டும் தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. துடிப்பும் இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஏழு வாரத்துக்கு உள்ள வளர்ச்சி இதில் இல்லை, கரு தங்கவில்லை, வைத்திருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து, சுத்தம் பண்ணிவிடலாம் என்றார். சுத்தம் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில்தான் என்னை வைத்துச் சுத்தம், அசுத்தம் என்று பேசுகிறார்கள் என்றால் இங்கேயும் அதேதான். ஒரு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டார். "பார்த்தா மட்டும் என்ன வரப்போகுது?" என்றார் டாக்டர். அவருக்கு வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

மறுநாள் முடித்துவிட்டார்கள். கண் விழித்தபோது நர்ஸ் பேண்டேஜ் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் கம்பெனித் துணியா என்று உறையைப் பார்த்தேன். இல்லை, வேறு யாருடையதோ. அந்த நேரத்தில் அதைப் போய்ப் பார்த்தேனே என்று பிறகு அழுகை வந்தது. வீட்டில் அத்தை என்னை நேராகப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடத்துக்குள் மட்டும் விடவில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்துத் தெருவில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் தனியாகப் போனேன். என்னைவிட இளையவள். அவளும் தேதி கேட்டாள். அவளும் அதே மாதிரி அட்டையைத்தான் எடுத்தாள்.

"ரெகுலர்தானேக்கா?"

"ரெகுலர்தான்."

அவள் அட்டையைத் திருப்பாமல் கையிலேயே வைத்திருந்தாள். "எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?"

என் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை என்னிடம் நேராக ஒருவர் கேட்டது அப்போதுதான். "நாப்பது" என்றேன். அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டாள்.

"அப்ப இது உங்களுக்கு ஒத்துவராதுக்கா. இருபத்தெட்டு நாளைக்கு ஒருதடவை வர்றவங்களுக்குச் செஞ்சது இது. அவங்களுக்கு ரெண்டு வாரத்துல கரு உண்டாயிரும். உங்களுக்கு அதுக்கே இன்னும் பன்னெண்டு நாள் பிந்தும். பிள்ளை பிறக்கிற தேதியும் அந்தளவுக்குத் தள்ளித்தான் போகும். இப்ப ஸ்கேன் எடுத்தா பைதான் தெரியும், எடுத்துட்டுப் பயப்படக் கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

இரண்டு வாரம் கழித்துப் போனேன். திரையில் ஒரு சின்னப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எல்லோரும் அந்த இடத்தில் சந்தோஷத்தில் அழுவார்களாம். நானும் அழுதேன், ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். படுத்தபடியே கேட்டேன். "போன தடவை ஏழு வாரம்னு சொல்லி எடுத்தாங்களே. அப்ப அது நிஜத்துல எத்தனை வாரம் இருந்திருக்கும்?"

அவள் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தாள். "அஞ்சரை இருந்திருக்கும்" என்றாள். "அது நல்லாவும் இருந்திருக்கலாம், தங்காமலும் போயிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாதுக்கா. அதை நினைக்காதீங்க."

அன்றைக்கு நான் ஆபீஸுக்குத் திரும்பவில்லை. நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வீட்டில் அத்தை கூடத்தில் உட்கார்ந்து துளசி கட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைச் சொன்னேன், நாற்பது நாளைச் சொன்னேன், பை மட்டும் தெரிகிற காலத்தில் துடிப்பைத் தேடிவிட்டு இல்லை என்று வழித்து எடுத்ததைச் சொன்னேன். அவர் பயப்படுவார், அழுவார், இல்லை என்று சண்டையாவது போடுவார் என்று நினைத்தேன்.

அவர் நார் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு நாப்பது நாள்னு எனக்குத் தெரியாதா ஏட்டி? நாந்தானே உன்னைய ஒதுக்கி வைக்கேன். அந்த டாக்டரு ரெகுலரான்னுதானே கேட்டா. எத்தனை நாளுன்னு அவ கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லிருக்க மாட்டேனா?"

அவர் குரலில் துளி கள்ளம் இல்லை. இந்த வீட்டில் என் நாளை எண்ணாத ஆளே கிடையாது. பூக்காரர் வரைக்கும் எண்ணினார். மாலைக்காக எண்ணினார்கள், சமையலுக்காக எண்ணினார்கள், திருவிழாவுக்காக எண்ணினார்கள். பிள்ளைக்கு அது தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் அந்தக் கணக்கு ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அத்தை அதற்குள் இன்னொரு நாரை எடுத்திருந்தார். "முழுகாம இருக்கியா? மொதல்ல அதைச் சொல்ல வேண்டாமா! நிக்காத, உக்காரு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

மகள் அந்த இளைய டாக்டர் சொன்ன தேதியை ஒட்டித்தான் பிறந்தாள். இப்போது பத்து வயது. அவள் வயதுக்கு வந்தால் அந்தப் பின்கட்டு அறையில் ஒரு நாளும் உட்கார மாட்டாள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நடக்கிறதா, பார்க்கலாம். வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அவள் தலையைத் தடவிக்கொண்டே, "இவதான் எங்க வீட்டுத் தலைச்சன்" என்று சொல்வார். எல்லோருக்கும் முதல் பிள்ளை அவள்தான். அந்த வார்த்தை வந்ததும் நான் ஏதாவது வேலை இருப்பது போல எழுந்து உள்ளே போய்விடுவேன்.