பாப்பாவுக்கு அடித்த ஹாரன்

மலைமேல் இருக்கும் நாகலூரிலிருந்து பிழைக்கப்போன நானும் மனைவியும், துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் சின்ன ரயில் பாதையை ஒட்டிக் குடியிருந்தோம். கூட்ஸ் வண்டி மெதுவாகத்தான் போகும். எங்கள் மகள் கையாட்டினால் டிரைவர் அவளுக்காகவே ஹாரன் அடிப்பார்.

காய்ச்சலில் அவள் போய்விட்டாள். விஷயம் தெரியாமல் அவர் வழக்கம்போல அடித்தார். மனைவி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் யார்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வண்டி சத்தமில்லாமல் கடந்தது.

"ஏனுங்க, அவர ஹாரன் அடிக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "அதுவும் இல்லீன்னா ஊடு நொம்ப வெறிச்சுன்னு இருக்குதுங்க."

திரும்பப் போய்ச் சொன்னேன். நாங்கள் ஊர் திரும்பும்வரை தினமும் அடித்தார்.

இங்கே மலையில் ரயில் கிடையாது. மனைவி அந்த ஹாரனைப்பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.