கழுவிய பால் டின்கள்

தனலெட்சுமி பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறாள். வீடு சாலாக் செலாத்தானில், ஐந்து மாடிக் குடியிருப்பில்.

குப்பையைப் பிரித்து வையுங்கள் என்று குடியிருப்பின் நிர்வாக அலுவலகக் கதவில் சுவரொட்டி ஒட்டினார்கள். அதை நம்பியவள் அவள் ஒருத்திதான். நாற்பது வீடுகளின் கதவைத் தட்டினாள். மீன் கழிவு தனி, போத்தல் தனி.

“குப்பை மந்திரி வராங்க, கதவைச் சாத்துங்க லா” என்பாள் மூன்றாம் மாடி மாதவி. அவளே பிறகு பால் டின்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். படிக்கட்டில் எலிகள் குறைந்தன.

மறுசுழற்சிப் பைகளை எடுக்கும் நாள் புதன். லோரி வருமுன்பே தனலெட்சுமி வேலைக்குப் போய்விடுவாள். அந்தப் புதன்கிழமை விடுப்பில் இருந்தாள். கீழே வந்தபோது, லோரிக்காரர் நாகையா வண்டியில் கிடந்த மீன் கழிவின் மேலேயே டின் பையையும் வீசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என்ன செய்றீங்க?”

“ஒரு லோரிதான் அனுப்புறாங்க, அக்கா. இன்னொண்ணை நிறுத்தியாச்சு.”

“எப்பலேருந்து?”

“தீபாவளி முடிஞ்சு. அஞ்சு மாசம் இருக்கும். என் பேரைச் சொல்லிடாதீங்க.”

அவள் படியேறினாள். சொன்னால் நாற்பது வீடும் பிரிப்பதை விட்டுவிடும். சொல்லாவிட்டால் நாளை அவளும் பொய்க்காரி. மாதவியிடம்தான் முதலில் சொன்னாள்.

“அஞ்சு மாசம் என்னை டின் கழுவ வச்சீங்களே ஆன்டி!”

“நானும்தான் கழுவினேன். அடுத்த புதன் பையைக் கீழ வைக்காதே. என்கூட எடுத்துட்டு வா.”

அடுத்த புதன், நிர்வாகச் செயலாளர் ராஜன் வந்தபோது அலுவலகக் கதவு பாதி மறைந்திருந்தது. முப்பத்தொரு பைகள். ஒன்பது வீடுகள் வரவில்லை.

“ஆன்டி, இங்க வைக்கக் கூடாது லா!”

“கதவுல ஒட்டியிருக்கிறதைப் படிங்க. ஒரு லோரிதான் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

ராஜன் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். “தெரியும். சொன்னா பிரிக்கிற பழக்கம் விட்டுப்போயிடும்னுதான்...”

“எங்க பழக்கத்தைக் காப்பாத்தினீங்களா? லோரியை யார் காப்பாத்துறது? மீன் தண்ணியில ஊறின பேப்பரை எவன் வாங்குவான்? கேட்டீங்களா, ஒரு தடவையாவது, லோரி அனுப்புற குத்தகைக்காரனை?”

“லெட்டர் போடறேன்.”

“போன் போடுங்க. இப்பவே.”

அவர் கைப்பேசியை எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

தனலெட்சுமி தன் சூப்பர்வைசரை அழைத்து, இன்று தாமதமாகும் என்றாள். சுவரொட்டி மறையாதபடி ஒரு பையை நகர்த்திவிட்டு, கதவோரம் உட்கார்ந்தாள்.