கழற்றிப் பார்க்காத பல்செட்

ஆரோக்கியமேரி இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். ஹார்ட் அட்டாக்... ஐம்பத்திரண்டு வயதுதான்.

போனை வைத்த பிறகு ஒரு பேஷண்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கிளினிக்கைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

என் நண்பர்கள் பலருக்கு மேரியைத் தெரியாது. அபிராமபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அட்டெண்டராக இருந்தவர். நான் அங்கே மாதம் ஒருமுறை போகும் பல் டாக்டர்.

என் வேலை சுலபம். ஒவ்வொருவர் வாயையும் பார்த்து, ஆளுக்கு ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். உதடு, நாக்கு, ஈறு, பல்செட், வலி... எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.

மேரி டார்ச் பிடிப்பார். நான் அவசரப்பட்டால் டார்ச்சை அணைக்க மாட்டார். "இன்னும் அந்தப் பக்கம் பாக்கல சார்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பலமுறை முறைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் நான் போன அன்று மேரி லீவு. வேறு யாரோ டார்ச் பிடித்தார்கள். எனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிளினிக்கில் ஒரு ரூட் கெனால் இருந்தது. நானும் வேகமாக முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தாம் நாள் மேரியிடமிருந்து போன்.

"சார், கமலா மாமி மூணு நாளா ஒண்ணும் துன்ன மாட்டுது. ஸ்பூன கண்டாலே கைய தட்டி வுடுது. சாயங்காலம் மூக்குல ட்யூப் போடப்போறாங்கோ. உங்க ஃபார்ம்ல எல்லாம் நல்லா கீதுன்னு எழுதி கீது... ஒரு தபா வந்து பாருங்க சார்."

கமலா மாமி. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவர். 'பிடிவாதம், உணவு மறுக்கிறார், கடிக்க வருகிறார்' என்று கேஸ் ஷீட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு அவர் மகள் வந்து ட்யூப்புக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

நான் போனபோது மணி இரண்டரை. மாமி வாயைத் திறக்கவே இல்லை. மேரி அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "மாமி... மாமி... கொஞ்சூண்டு..." பத்து நிமிடம் ஆனது. மாமி மெல்ல வாயைத் திறந்தார்.

கீழ்ப் பல்செட்டைக் கழற்றினேன். ஈறு நெடுகப் புண். ஆழமாக, வெள்ளையாக... ஸ்பூன் பட்டால் யார்தான் தட்டிவிட மாட்டார்கள்?

பல்செட்டைத் திருப்பிப் பார்த்தேன். மாமியுடைய செட் போன வருடம் விரிசல் விட்டு, நானே ஒட்டிக் கொடுத்தது. இதில் ஒட்டிய தடமே இல்லை.

மேரி என் கையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அடுத்த அறைக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவோடு வந்தார். அந்த அறையில் இருக்கும் அம்மா பல்செட் போட்டுக்கொள்வதே கிடையாது. டப்பாவிலேயே கிடக்கும். அதில் கிடந்தது மாமியின் செட்.

"நான்தான் சார். லீவுல போறதுக்கு முன்னாடி டப்பா எல்லாத்தையும் சோப்புத் தண்ணில ஊறப்போட்டேன். பேர் எழுதி ஒட்டுன பிளாஸ்திரி எல்லாம் வந்துடிச்சி. பாத்தா தெரியும்னு நெனச்சி நானே மாத்தி வச்சிட்டேன்."

லீவுக்கு முன்னால். அதாவது நான் ஃபார்ம் நிரப்பிய அன்று, மாமி வாயில் இருந்தது இந்த செட்தான்.

விஷயம் மேனேஜருக்குப் போனது. வந்தவர் கதவைச் சாத்தினார். "டாக்டர், வயசானா வாய் புண்ணாகறது சகஜம்தானே? அப்படியே எழுதிடுங்க. மேரி, ரிஜிஸ்டர்ல கை வைக்காத. மாமி பொண்ணு இப்ப வந்துடும். உன் வேலை போயிடும், புரியுதா?"

மேரி இல்லத்தின் தினசரி ரிஜிஸ்டரை எடுத்தார். "மாமியால சொல்ல முடியாது சார். நாமதான் எழுதணும்."

'மாற்றி வைத்தது நான்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்க எதுனா எழுதுறீங்களா சார்?"

'புண்ணுக்கு மருந்து தரப்பட்டது' என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

ட்யூப் போடவில்லை. நாலாவது நாள் மாமி கஞ்சி குடித்தார். ஆனால் பல்செட்டைக் கழற்றிய அன்று மாலை, ரிஜிஸ்டரைப் படித்த மாமியின் மகள் மேரியைக் கேட்ட கேள்விகள் இருக்கிறதே... நான் அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேரி என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வாரம் அவரை நிறுத்திவிட்டார்கள்.

போன வருடம் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அடையாறில் வேறு ஹோமில் வேலையாம். "இங்க எல்லா பல்செட்லயும் பேர் போட வச்சிட்டேன் சார்" என்று சிரித்தார். "மாமி எப்டி கீது?" என்று விசாரித்தார்.

அவருக்கு பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் வெயிலைப் பற்றிப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

காலையில் மேரியின் மகள் சொன்னாள்: "அம்மா உங்கள பத்தி நல்லாதான் சார் சொல்லும்."

அந்த ரிஜிஸ்டர் இப்போது என் கைக்குக் கிடைக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். கமலா மாமியின் கீழ்ப் பல்செட்டை நான் கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்ததாக டிக் போட்டேன். அன்றே பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மேரி பேனாவை நீட்டிக் கேட்டபோதும் சொல்லவில்லை.

இன்று மாலை சாந்தோமில் அடக்கம். வருகிறேன் மேரி.