தறிக்குழி அருகே பத்து நிமிடம்

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது, அவளை நானே தறிக்குழிக்குள் போட்டுவிடுவேன் என்ற எண்ணம் வந்தது. ஆரணியில் எங்கள் வீட்டில் சமையலறைக்குப் போகும் வழியில்தான் தறி இருக்கிறது. நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும் குழி தொடையளவு ஆழம். அன்று முதல் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். பால் காய்ச்சப் போனால்கூட மாமியாரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

முதலில் ஓர் ஆலோசகரிடம் வீடியோ காலில் பேசினேன். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்பார். அப்பாவின் கோபம், பள்ளிக்கூடம், பிரசவம் என்று ஆறு வாரம் பேசினேன். பேசி முடித்ததும் நெஞ்சு லேசாகும். சமையலறைக்குப் போவதற்குள் மறுபடி கனத்துவிடும். ஆனாலும் அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குழியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

பிறகு வேலூரில் பார்த்த உளவியலாளர் முதல் நாளே நேராகக் கேட்டார்.

"குழந்தைய நீங்களே ஏதாவது பண்ணிடுவீங்கன்னு தோணுதா?"

தலையாட்டினேன். அவர் முகம் மாறவில்லை. நிறையக் கேள்விகள் கேட்டுவிட்டு, இது பல தாய்மாருக்கு வரும் எண்ணம், விருப்பமல்ல, விலகி ஓட ஓடத்தான் வளரும் என்றார். தினமும் பத்து நிமிடம் குழந்தையோடு குழியருகே நிற்க வேண்டும். ஒன்றும் ஆகாதல்லவா என்று யாரிடமும் கேட்கக்கூடாது. கேட்டாலும் வீட்டார் பதில் சொல்லக்கூடாது.

முதல் நாளே தவறினேன். நெய்துகொண்டிருந்த கணவரிடம், "ஏங்க, ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றேன்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தறியின் மிதிகட்டையை மிதித்தார்.

"அவனாண்ட கேக்காதம்மா," என்றார் மாமியார். "பொறந்ததுலருந்து இப்பதான் வாய மூடிகினு இருக்கான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் நின்றேன். பயம் கொஞ்சம் இறங்கியது. முதலில் பேசிய ஆலோசகரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே இறங்கியிருக்குமோ என்றும் யோசித்தேன்.

ஒருநாள் அந்தப் பத்து நிமிடத்துக்கு நடுவில் கணவர் தறியை விட்டு எழுந்தார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

குழி காலியானது. அடியில் மிதிகட்டைகள் தெரிந்தன. அப்போதுதான் புரிந்தது: விழுந்தாலும் அவர் மடியில்தானே விழுவாள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறேன். அப்படியானால் மூன்று வாரமும் வீணா? அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள். கைபேசியில் வைத்திருந்த பத்து நிமிடக் கணக்கில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அவரைக் கூப்பிட வாய் திறந்தேன்.

கூப்பிடவில்லை. சுவர்ப்பக்கத் தோளில் இருந்த அவளை, குழி இருந்த பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.