ஒன்பது மாதக்காரியின் ரெஸ்யூம்

அந்த நண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போட்டு முதுகில் தட்டினால் விளக்கெரியும், ஏதோ ஒரு கண்றாவி இசை வரும், தரையில் பக்கவாட்டில் ஓடும். கையைக் குறுக்கே வைத்தால் திரும்பி வேறு பக்கம் ஓடும். குழந்தை அதைத் துரத்தித் துரத்தித் தவழுமாம், கைகால் பலப்படுமாம், பெட்டியின் மேல் போட்டிருந்தது. என் மகள் அதை ஒரே ஒரு தரம் பார்த்தாள். வீடே இடிந்து விழுந்த மாதிரி அலறினாள். அதற்குப் பிறகு அந்த மூலைப் பக்கமே போகவில்லை. நண்டு வந்த அட்டைப்பெட்டியை மட்டும் இரண்டு நாள் வைத்துச் சப்பினாள்.

வாங்கியவர் என் கணவர். மராட்டி பேசும் இந்த வானவடியில் எங்கள் அடுக்ககத்து அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் இருக்கும் ஒரே அப்பா அவர்தான். அங்கே யாராவது ஒரு படத்தைப் போட்டு நாலு இதயம் விழுந்தால் போதும், மூன்றாம் நாள் அது எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளை மூக்கால் பாடும் ஒரு நாய் பொம்மை வந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அட்டைகள் வந்தன, பார்த்தால் எனக்கே தலை சுற்றும். கடைசியாக வந்தவை மர வளையங்கள். சாயம் பூசாத மரம், கூர்மையில்லாத விளிம்பு, ஒரு குச்சியில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும்.

"ஏனுங்க, இந்த மரக்கட்டைய அவ என்ன பண்ணுவா?" என்று கேட்டேன்.

"அடுக்குவா. சிந்திக்கிற தெறம வளருங்கறாங்க."

அவருடைய சட்டைகளே நாற்காலி மேல்தான் கிடக்கும். மகள் அடுக்குவாளாம்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் வேறு. காலையில் பால் பாக்கெட்டைக் கழுவிக் காயப்போட்டால் அதைப் பிடுங்கிக் கசக்குவாள், அந்தச் சத்தத்துக்குக் கண் சொருகிச் சிரிப்பாள். குக்கர் கேஸ்கட்டை வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு தவழ்வாள். தோசைக்கரண்டியால் பருப்பு டப்பாவை அடிப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு. கூடத்தின் ஒரு கோடியில் அவளை விட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்தால், அந்த நண்டு தோற்றது போங்கள், அப்படி ஒரு ஓட்டம் ஓடி வந்து என் வீட்டுச் செருப்பின் வாரை வாயில் வைத்துக்கொள்வாள். நான் பிடுங்குவேன், அவள் கத்துவாள், பதிலுக்கு ஒரு கரண்டியைக் கொடுத்துச் சமாதானம் செய்வேன். இது தினமும் நாலைந்து தடவை நடக்கும். யாராவது வருகிறார்கள் என்றால் கரண்டிகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு மர வளையங்களை நடுக்கூடத்தில் அடுக்கி வைப்போம். அந்தக் கேவலத்தை நானும்தான் செய்தேன்.

நிற்க. என் விடுமுறை முடிந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க வாங்கிய அனுமதியும் முடியும் நிலையில் இருந்தது. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை கராடி அலுவலகத்துக்கு நேரில் வராவிட்டால் ராஜினாமாதான் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். என் அம்மா இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி, கோயம்புத்தூரை விட்டு நகர முடியாது. ஆகவே ஒரு காப்பகம் வேண்டும். இங்கே பாள்ணாகர் என்பார்கள். பக்கத்துத் தெருவில் ஒன்று இருந்தது. நடத்துகிற அக்கா தமிழ். இதே ஊரில் கட்கியில் பிறந்து வளர்ந்தவர், அப்பா அந்தக் காலத்தில் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். அவர் பேசும் தமிழில் பாதி இந்தியும் மராட்டியும் கலந்து கிடக்கும். ஒரே ஒரு இடம்தான் காலியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ட்ரயல். அதற்குள் குழந்தை பழகாவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

"கோச்சிக்காத மா. ஒரு புள்ள ரோஜ் அழுதுனே இருந்தா மத்த புள்ளைங்களும் அழுவுங்க," என்றார். நியாயம்தான்.

சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார். குழந்தைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் எது, எதைக் கையில் கொடுக்கக் கூடாது என்று இரண்டு கேள்விகள். என் கணவர் பேனாவை எடுத்தார். எங்கள் தொழிலில் ரெஸ்யூம் எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மென்பொருளின் பெயரை லிஃப்டில் யாரோ சொல்லக் கேட்டிருந்தால் போதும், அதில் இரண்டு வருட அனுபவம் என்று வாய் கூசாமல் எழுதுவோம். அதே கை, அதே பழக்கம். பிடித்தவை என்ற இடத்தில் மர வளையங்கள், கறுப்பு வெள்ளை அட்டைகள் என்று எழுதினார். கொடுக்கக் கூடாதவை என்ற இடத்தில் பாத்திரம், பிளாஸ்டிக், செல்போன் என்று எழுதினார். மர வளையங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரியும், அது சுத்தப் பொய் என்று. ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவிடம் என் பெண் செருப்பு தின்கிறவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

திங்கட்கிழமை அழுதாள். எல்லாக் குழந்தையும் முதல் நாள் அழும். செவ்வாயும் அழுதாள். காப்பகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தெருவில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தத்தையும் மீறி முதல் மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. எத்தனை குழந்தை கத்தினாலும் பெற்றவளுக்குத் தன் குழந்தையின் குரல் தெரிந்து தொலைக்கிறது. புதன்கிழமை சாப்பிடவில்லை. அன்று மாலை என் கணவர் நிதானமாக, "வேற மாதிரி வளையம் ஒண்ணு இருக்குது, அத வாங்கிப் பாக்கலாமா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாய் பொம்மையைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தேன். அது அங்கே போயும் ஏ பி சி பாடியது.

வியாழன் பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டார். "மேல வா மா."

படியேறிப் போனேன். என் மகள் பாயில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகி வாய் வரை வந்திருந்தது. அவள் எதிரே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாவ்ஷி உட்கார்ந்து, பாவம், மர வளையங்களை ஒவ்வொன்றாக அடுக்கி அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக அதைத்தான் செய்கிறாராம். மற்ற குழந்தைகளுக்குக் கிண்ணம் கரண்டி என்று எதையாவது கொடுப்பார்களாம், என் மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லையாம். ஏனென்றால் படிவத்தில் கூடாது என்று எழுதியிருக்கிறதே. அவள் சமையலறைப் பக்கம் தவழ்ந்து போகும்போதெல்லாம் தூக்கி வந்து வளையத்தின் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். நாங்கள் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பிய அந்த மாவ்ஷியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அடப்பாவி மனுஷா என்று என் கணவரைத் திட்டினேன் மனசுக்குள். உடனே, நீ மட்டும் என்னடி யோக்கியம் என்று என்னையும் திட்டிக்கொண்டேன்.

அக்கா படிவத்தைக் கையில் வைத்திருந்தார். "சச் சொல்லு மா. வூட்ல இன்னா வெச்சினு வெளயாடுது?"

"கரண்டி," என்றேன்.

"அப்பறம்?"

"டப்பா மூடி. பால் பாக்கெட். குக்கர் கேஸ்கட்டுங்க." வாசலில் கழற்றிப் போட்டதைப் பார்த்தேன். "செருப்பு."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. "அரே தேவா! எல்லா அம்மாவும் கட்டைனுதான் எழுதுறீங்க. ஒருத்திகூட சப்பல்னு எழுதுனது இல்ல." படிவத்தை என்னிடமே நீட்டினார். நான் எங்கள் இரண்டு பதில்களையும் கோடு போட்டு அடித்தேன். மாவ்ஷி உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் தட்டும் ஒரு கரண்டியும் கொண்டுவந்து பாயில் வைத்தார். என் மகள் விக்கலோடு அதைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். ஒரு அடி அடித்தாள். சத்தம் வந்ததும் இன்னொரு அடி. அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் கிச்சடி உள்ளே போனது. நான் பேக்கரிக்குத் திரும்பி வந்து, யாரும் பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து அழுகைச் சத்தமே இல்லை. தட்டுச் சத்தம்தான் வந்தது. மத்தியானம் வரை சந்தோஷமாக இருந்தேன். அலுவலக அடையாள அட்டையைத் தேடி வைக்க வேண்டும், இரண்டு சல்வார் தைக்கக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன். நாலு மணிக்கு அழைத்துவரப் போனேன். கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்குவாள், தவழ்ந்து ஓடி வருவாள் என்று நான் பாதி குனிந்துவிட்டேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டைப் பார்த்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த மாவ்ஷியைப் பார்த்து நாலு பல்லும் தெரியச் சிரித்தாள்.

குனிந்தவள் நிமிர்ந்தேன்.

"அவ்ளோதான் மா, ஆயிடுச்சி. திங்கக்கெழம ஜாலியா ஆபீஸ் போ," என்றார் அக்கா.

ஐந்து நாளாக எந்த வார்த்தைக்காக அந்தப் பேக்கரியில் தவம் கிடந்தேனோ, அந்த வார்த்தைதான்.

"அக்கா, இன்னும் ரெண்டு நாள் ட்ரயலாவே வெச்சுக்கலாமுங்களா?" என்றேன்.

"ஏன்மா, புள்ளதான் பழகிடுச்சே?"

"அவ பழகிட்டாளுங்க," என்றேன். "நான் இன்னும் பழகல."