ஈரம் காய்வதற்குள்

ஆறடிக்கு மேல் வளர்ந்து, சதை போட மறந்துபோன உடம்பு. அதனால் பெயிண்டருக்கு ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர். மூன்று வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் விட்டிருந்த விரிசல் நாலு மாதத்தில் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் முட்டியது. அப்புறம் எதற்கு வலிக்கிறது? கூட வேலை பார்ப்பவன் மனைவியின் தம்பி. இவர் வேலைக்கு வராத நாட்களைப் பற்றி அவன் எதுவும் கேட்டதில்லை. கேட்காததுதான் இவரைக் குடைந்தது. அதனால் வலி கொஞ்சம் குறைந்த நாளில் பேய் மாதிரி வேலை செய்வார். அடுத்த மூன்று நாள் படுத்த படுக்கைதான்.

கடைசியில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனார்.

"காயம் ஆறிடுச்சுங்க. உங்க நரம்புக்குத்தான் இன்னும் பயம் போகல. சும்மா குனிஞ்சாலே ஆபத்துன்னு கத்துது."

"அப்ப நான் நடிக்கலைன்றீங்க?"

"நடிக்கிறீங்கன்னு யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தார். அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை.

"வலி நிஜம். ஆனா வலிக்கிறப்பல்லாம் முதுகு உடையுதுன்னு அர்த்தம் இல்ல. இருபது நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் நடை. நல்லா இருக்கிற நாள்லயும் அதே கணக்குதான்."

மறுநாள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. பாதிச் சுவருக்குப் பெயிண்ட் உருட்டியிருந்தபோது போனில் அலாரம் அடித்தது. அங்கே நிறுத்தினால் ஈர ஓரம் காய்ந்து கோடு விழும். எந்தப் பெயிண்டருக்கு மனசு வரும்? ஒரு நிமிஷம் தத்தளித்துவிட்டு ரோலரை நீட்டினார்.

"மச்சான், காயறதுக்குள்ள நீ பிடிச்சுக்கோ. வலி வர்றதுக்கு முன்னாடியே நான் நிறுத்தணுமாம்."

அவன் உடனே வாங்கிக்கொண்டு உருட்டினான். முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "இதை வாயத் திறந்து சொல்றதுக்கு மூணு வருஷமா மாமா? எங்கிட்ட ஏதோ கோவம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

சுவரில் கோடு விழவில்லை.

இப்போது அரைமணி நேரம் வரை தாங்குகிறது. மோசமான வாரங்கள் வராமலில்லை. வந்தால் பயந்து சுருண்டுகொள்வதில்லை, வேலையைக் குறைத்து நடந்துகொண்டே கழிக்கிறார். போன ஞாயிறு மனைவியோடு சினிமாவுக்குப் போனார். விழுந்ததற்குப் பிறகு முதல் தடவை. இடைவேளைக்கு முன்பே எழுந்துபோய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் மனைவியும் அங்கே வந்து நின்றாள்.

"நீ ஏன் எழுந்து வந்தே?"

"எனக்கு முன்னாடி ஒரு பெரிய தலை. இங்க நல்லாத் தெரியுது."

படம் முடியும்வரை இருவரும் சுவரில் சாய்ந்து நின்றே பார்த்தார்கள்.